கண்வலி வந்த வீட்டுக்குச் சில குறிப்புகள்

ட்ரக்கோமா என்னும் பாக்டீரியாத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் தழும்பேறும். இமைமுடி உள்ளே மடங்கிக் கருவிழியை உரசும், பார்வை போய்விடும். பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஒரு காலத்தில் அதிகம் இருந்தது. இந்தியாவில் இது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நெல்லைச் சீமையில் நாம் பார்ப்பது மெட்ராஸ் ஐயும் பீளை தள்ளும் கண்வலியும்தான். ஆனால் விரலும் துணியும் பரப்புவதில் எல்லாம் ஒரே ஜாதி.

1. சின்னவன் கண்ணை முந்தானையால் துடைத்து, அதே முனையால் பெரியவள் மூக்கைத் துடைத்து, அப்புறம் தன் முகத்து வியர்வையை ஒற்றிக்கொள்ளும் தாய்மாரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ட்ரக்கோமாவால் பார்வை இழந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பிள்ளைகளோடு நெருங்கிப் புழங்குவதே முக்கியக் காரணம். முந்தானையை விட்டுவிடுங்கள்.

2. கண்ணைத் துடைக்க, காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. குறுக்குத்துறை ஆற்றுக்குக் குடும்பத்தோடு குளிக்கப் போனாலும் ஆளுக்கொரு துண்டு. கண்வலிக்காரர் குணமாகும்வரை ஆற்றுக்கே போக வேண்டாம்.

4. மை டப்பா அக்கா தங்கைக்குக்கூடப் பொதுவாக இருக்கக் கூடாது.

5. கண்வலிக்காரரைப் பார்த்தாலே நோய் ஒட்டிக்கொள்ளாது. கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்துக்குத்தான், தடுப்புக்கு இல்லை.

6. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். பாட்டி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், கருவிழியில் உள்ள புண் இன்னும் ஆழமாகலாம். திறந்து ஒரு மாதமான மருந்தைத் தூக்கிப் போடுங்கள்.

7. பிசானப் பருவ நெல் அறுப்பில் நெல் பட்டுக் கண் சிவந்தால் அது கண்வலி அல்ல, கருவிழிப் புண்ணாக இருக்கலாம், பூஞ்சையும் சேரும். கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் எடுக்கவே கூடாது.

8. பிறந்து ஒரு மாதத்துக்குள் குழந்தையின் கண்ணில் சீழ் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்குக் கடும் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும் அப்படித்தான். நெல்லையில் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலும் ஜங்ஷன் பக்கத்து அரவிந்த் ஆஸ்பத்திரியிலும் கண் டாக்டர்கள் இருக்கிறார்கள்.