வாளிச் சத்தம் கேட்டால் கட்டிலடி

எங்கள் வீட்டு நாயின் பெயர் சீடை. கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் வந்தது, உருண்டையாக இருந்தது, அம்மா அப்படியே கூப்பிட்டுவிட்டாள். பாமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தாத்தா பாட்டி யாரென்று நாங்கள் விசாரிக்கவில்லை. எடை ஆறு கிலோ. அந்த ஆறு கிலோவைக் குளிப்பாட்ட முதல் வருஷம் இரண்டு பெரியவர்களும், உள்பக்கம் போட்ட தாழ்ப்பாளும், கைக்கீறலுக்கு ஒரு டியூப் மருந்தும் வேண்டியிருந்தன.

கீறல் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயந்த நாயின் நகமோ பல்லோ பட்டுத் தோல் கிழிந்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நான் மஞ்சளை அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படிச் செய்யாதீர்கள்.

ஸ்ரீரங்கம் குளியலை மதிக்கிற ஊர். ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரியிலிருந்து பெருமாளுக்குத் தங்கக் குடத்தில் தீர்த்தம் யானைமேல் வரும்; மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும். சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு நல்லெண்ணெய் வாசனை. இந்த ஊரில், இரண்டு ஆற்றுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு ஜீவன் தண்ணீரைக் கண்டு நடுங்குவது அம்மாவுக்கு அவமானமாகவே இருந்தது. "யானைகூடக் குளிக்கிறது, இதுக்கு என்னடா கேடு?" என்பாள்.

கேடு தண்ணீரில் இல்லை என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. மழை பெய்தால் முற்றத்தில் நனைந்துகொண்டே நிற்கும் சீடை. குடிக்கிற கிண்ணத்துக்குள் முன்காலை விட்டு அளையும். அப்படியானால் குளியலில் எது அதை உலுக்குகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுகிற எண்ணமே இல்லாமல், குளியலில் நடக்கிற ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து பார்த்தேன்.

முதலில் கூப்பிட்டேன். "சீடை, வாடா கண்ணா" என்று குழைந்தவுடனே அது கட்டிலுக்கடியில் போய்விட்டது. பழி என்மேல்தான். மாதக்கணக்கில் அந்தக் குரலில் கூப்பிட்டு, வந்ததும் கழுத்தைப் பிடித்துக் குளியலறைக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். அதன் கணக்கில் கொஞ்சலுக்கு அர்த்தம் வாளி. அன்றிலிருந்து குளிப்பாட்டுவதற்காக அதன் பெயரைச் சொல்வதில்லை. பேசாமல் அருகில் போய் உட்கார்ந்து, தடவிக் கொடுத்து, நெஞ்சுக்கும் பின்னங்காலுக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொள்வேன். ரொட்டிக்கும் வாக்கிங்குக்கும் மட்டும் பெயர்.

அடுத்தது தரை. தாத்தா காலத்தில் கிணற்றடியில் கருங்கல் பாவியிருந்தது. நாங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது பளபளவென்று டைல்ஸ் போட்டோம். அதில் சோப்பு நுரை விழுந்தால் எனக்கே கால் வழுக்கும். நகத்தை ஊன்றி நிற்கிற பிராணிக்கு எப்படி இருக்கும்? நாலு காலும் நாலு பக்கம் போகிற நிலையில் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? காந்தி மார்க்கெட் மண்டியிலிருந்து வந்த கோணிச் சாக்கு ஒன்று வீட்டில் கிடந்தது. துவைத்து, நனைத்து, நாலாக மடித்துப் போட்டேன். வெங்காயச் சாக்கானால் சருகு ஒன்றுகூட இல்லாமல் உதறிவிடுங்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது. ரப்பர் மிதியடியும் வாங்கிப் பார்த்தேன். சாக்குதான் தேவலை, நகம் பிடிக்கிறது.

மூன்றாவது சத்தம். பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் ஓசை மூடிய குளியலறையில் எதிரொலித்து நம் காதுக்கே இரைச்சல். நாயின் காது நம்முடையதைவிடக் கூர்மை. இப்போது அதை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே இரண்டு வாளி நிரப்பிக் குழாயை மூடிவிடுகிறேன். மக்கைத் தரையில் 'டங்' என்று வைப்பதும் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். "ஆத்துத் தண்ணியில பழக்கு, பயம் போயிடும்" என்று ஒரு நண்பன் சொன்னான். மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்திருந்த நேரம். விடிகாலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பளவு நீரில் இறங்கி, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு முழுக்குப் போட்டேன். தோளில் ஏறித் தலைக்குப் பின்னால் தாவி, படியில் விழுந்து, கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, "ஏம்ப்பா, இதுதான் எடமா?" என்றார். அவர் கேட்டது நியாயம். கண்டுபிடித்துத் தூக்கி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டுக் குளியலறை வாசலைக்கூட அது மிதிக்கவில்லை. பயந்ததைத் தூக்கி அந்தப் பயத்துக்குள்ளேயே போட்டால் பயம் தெளியும் என்பது நீச்சல் கற்றுத்தர என்னைக் கிணற்றில் தள்ளிய மாமாவின் சித்தாந்தம். எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது.

திருத்த வேண்டியது என் வேகத்தைத்தான். இரண்டு வாரம் குளியலே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். மாலையில் உலர்ந்த குளியலறையில் கதவைத் திறந்து வைத்து, சீடையின் மூக்கு உயரத்துக்குச் சுவரில் ஒரு கரண்டி தயிரைத் தடவிவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உப்பில்லாத, புளிக்காத, கெட்டித் தயிர். முதல் இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மூன்றாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி நக்கியது. பின்னங்கால்கள் வாசலுக்கு வெளியே, ஓடுவதற்குத் தயாராக. ஆறாம் நாள் முழுசாக உள்ளே வந்தது. அது நக்கும்போது வெற்று மக்கை முதுகில் தொட்டு எடுத்தேன். பிறகு ஈரத்துணி. பிறகு பாதத்தில் மட்டும் ஒரு கை தண்ணீர். 1904-இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவின் நாய்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மணியடித்தால் அவற்றுக்கு எச்சில் ஊறியது. சீடைக்கு மக்கைக் கண்டால் ஊற வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது, நாய் நாறுகிறதே என்று ஒரேயடியாக முழுக் குளியல் போட்டேன். பழையபடி கட்டிலடி. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எப்போது நிறுத்த வேண்டும் என்று நாயே சொல்லும். தூக்கம் வராமல் கொட்டாவி விடும். எதுவும் தின்னாமல் உதட்டை நக்கும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டுவதால் கண்ணோரம் வெள்ளை தெரியும். வால் வயிற்றோடு ஒட்டும். இதெல்லாம் உறுமலுக்கு முந்தின படிகள். தயிரையே திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அன்றைக்குப் போதும்.

எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது, அதனால் தயிர். சைவமானாலும் எல்லாமே ஆகாது. சர்க்கரைப் பொங்கலில் கிடக்கிற உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் கூடவே கூடாது.

திருச்சி வெயிலில் இன்னொரு ஆபத்து மொட்டை மாடித் தொட்டி. சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிற நாளில் மத்தியானம் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கொதிநீர். கையைச் சுடும் தண்ணீரை அவசரத்தில் ஒருமுறை அதன்மேல் விட்டிருக்கிறேன், அந்த ஊளை இன்னும் மறக்கவில்லை. அதனால் காலை ஏழு, ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்புக்கும் ஒரு படி கீழே. மார்கழியில் வெயில் ஏறின பிறகு, அதுவும் இருமல் சளி இல்லாவிட்டால்.

சோப்பு விஷயத்தில் நான் செய்த தப்புகளுக்குக் கணக்கில்லை. நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படியல்ல, நடுநிலையை ஒட்டியது. நமக்கென்று செய்த சோப்பும் சீயக்காயும் அதன் தோலை வறட்டி அரிக்க வைக்கும். தண்ணீரில் விட்டால் வெள்ளையாகிற கிருமிநாசினியை ஒரு மூடி ஊற்றுகிற வழக்கமும் எங்கள் வீட்டில் இருந்தது. நாய் அதை நக்கும், வயிறும் தோலும் புண்ணாகும். நாய் ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் முடிக்குள் சீக்கிரம் இறங்கும், அலசுவதும் சுலபம். நுரைக்கிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு அலச வேண்டும். குளிப்பதற்கு முன்னால் சீவிச் சிக்கெடுக்காவிட்டால் ஈரத்தில் சிக்கு இறுகிவிடும், பிறகு கத்தரிக்கோல்தான். உண்ணிக்கு ஷாம்புவை மட்டும் நம்பாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் உண்ணி வருஷம் முழுக்க இருக்கும், உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றேவிடும். அதற்கு மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரையோ சொட்டு மருந்தோ வேண்டும்.

தண்ணீர் பாதத்தில் தொடங்கி, தொடை, முதுகு, கடைசியாக நெஞ்சு. தலையில் ஊற்றுவதே இல்லை. முகத்துக்குப் பிழிந்த ஈரத்துணி. நமக்குத் தலைக்கு ஊற்றினால்தான் குளியல், அந்தப் பழக்கத்தை நாயிடம் காட்டக் கூடாது.

அலசி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று அதை உதற விடுங்கள். உடம்பு சிறுக்கச் சிறுக்க உதறல் வேகமாகும் என்று அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2012-இல் படமெடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சுண்டெலி நொடிக்கு முப்பது தடவை உதறுகிறதாம், பெரிய நாய் நாலைந்து தடவை. சீடை உதறி முடித்த பிறகு துவட்ட ஓர் ஈரிழைத் துண்டு போதும். தடித்த டர்க்கி டவலைவிட அதுதான் சீக்கிரம் உறிஞ்சுகிறது. ஹேர் டிரையர் சத்தம் அதற்கு இன்னொரு வாளி; நான் தொடுவதில்லை. திண்ணையில் காற்றோட்டமாக அரை மணி நேரம்.

அம்மா சனிக்கிழமைதோறும் வேண்டும் என்றாள். மாதம் ஒருமுறை போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு பேரம் மூன்று வாரத்தில் முடிந்தது. நடுவில் கால் கழுவுவதும் ஈரத்துணியால் துடைப்பதும்தான்.

இத்தனையும் பழகி, அதுவாகவே சாக்கில் ஏறி நிற்கிற அளவுக்கு வந்தபின் ஒருநாள் திடீரென்று மறுபடி கத்தியது. ஈரத்துணி வலது காதருகே போனதும் வீறிட்டது. பழைய பயம் திரும்பிவிட்டது என்று நினைத்து நான் தயிரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு நாள் கழித்துத்தான் அது தலையைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதையும், காதில் புளித்த வாடை வருவதையும் கவனித்தேன். காதுக்குள் பூஞ்சை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்துப் பத்து நாளில் சரியானது. அந்த நாலு நாளும் நான் வலியைப் பயம் என்று நினைத்துத் தயிர் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் நாயும் பழகின குளியலுக்குத் திடீரென்று அஞ்சினால், வாளியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காதையும் தோலையும் மூட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குளியல் ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.