கைப்பிடிக் குழிக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் எந்த பேட்?

கம்மாபுரத்தைச் சுற்றியும் விருத்தாசலம், நெய்வேலி பக்கங்களிலும் வாட்டர் சர்வீஸ் ஷெட் போட்டிருக்கும் நம் பிள்ளைகள் இப்போது கார் கழுவுவதோடு நிற்பதில்லை, பாலிஷ் வேலையும் எடுக்கிறார்கள். வளைகுடாவில் கார் கழுவும் வேலை பார்த்துத் திரும்பியவர்களும் இதில் இறங்குகிறார்கள். ஹலாலான நல்ல தொழில், அதிக முதலும் வேண்டாம். ஆனால் வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் "பாலிஷ் மெஷின்" என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. எந்த மெஷின், எந்த அளவு பேட், காரில் எந்த இடத்துக்கு என்று கேட்டால் பதில் வருவதில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டோம்.

பானட், கூரை போன்ற அகலமான இடங்களை 6 அல்லது 7 அங்குல பேடால் யாரும் ஓரளவு பளபளப்பாக்கிவிடலாம். வேலை தெரிந்தவரா என்பது ஒடுக்கமான இடங்களில்தான் தெரியும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழி, பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதி, பம்பரில் பனிவிளக்கைச் சுற்றிய வளைவு, முன் கண்ணாடித் தூண், நம்பர் பிளேட் மேலுள்ள பள்ளம், அலாய் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடைவெளி ஆகிய இடங்களில் பெரிய பேட் நுழையாது. நுழைத்தால் அதன் விளிம்பு பக்கத்து மேட்டில் உரசிப் பெயின்டைத் தின்றுவிடும். கைப்பிடிக் குழியில்தான் கீறல் அதிகம். நகமும் மோதிரமும் வண்டிச் சாவியும் தினமும் அங்கேதான் படுகின்றன. போதாததற்கு நம் பக்கத்தில் நிலக்கரித் தூசியும் அறுவடைக் காலப் புழுதியும் அந்தக் குழியில் போய் உட்காரும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால், உப்புத்தாளால் தேய்த்தது போலத்தான்.

மெஷினைத் தொடுமுன், எதன்மேல் வேலை செய்கிறோம் என்று தெரிய வேண்டும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஆக, நாம் தேய்ப்பது ஒரு முடியைவிட மெல்லிய அடுக்கை. வெயிலைத் தாங்கும் மருந்தும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் இன்று பளபளக்கும் இடம் பிறகு வெளுத்து உரியத் தொடங்கும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் இன்னும் மெலிந்தே இருக்கும். ஒடுக்கமான இடம் என்றாலே மடிப்பும் விளிம்பும்தானே!

இதற்கு ஒரு சோதனை உண்டு. சிவப்புக் காரைத் தேய்க்கும்போது பேடில் வெள்ளையாக வந்தால் தேய்வது கிளியர் கோட். சிவப்பே வந்தால், அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்டாக இருக்கலாம், அல்லது கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். எதுவானாலும் உடனே மெஷினை நிறுத்துங்கள்.

இனி பேடின் அளவுக்கு வருவோம். "பேட் சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியது" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 2 அங்குல பேடின் பரப்பு 6 அங்குல பேடின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான். கையால் அதே பலம் கொடுத்து அழுத்தினால், ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் ஒன்பது மடங்கு. பெரிய பேட் நகர்ந்துகொண்டே இருப்பதால் சூடு பரவிவிடும். சிறிய பேட் ஒரே குழிக்குள் சுற்றுவதால் சூடு அங்கேயே தங்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் 7 அங்குல பேடின் விளிம்பு மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே சுற்றில் 3 அங்குல பேடின் விளிம்பு 17 கிலோமீட்டர்தான் ஓடும். அதனால் சிறிய பேட் மெதுவாகத்தான் வெட்டும். "கீறல் போகவில்லையே" என்று பொறுமையிழந்து வேகத்தைக் கூட்டி அழுத்தும்போதுதான் பெயின்ட் கருகுகிறது. வேகம் 1,200 முதல் 1,500 சுற்றே போதும். இரண்டு முறை அதிகமாக ஓட்டுங்கள், ஒருமுறை கூட அதிகமாக அழுத்தாதீர்கள்.

இதனால்தான் ஆங்கிள் கிரைண்டரில் வெல்க்ரோ தட்டு மாட்டிப் பாலிஷ் போடுவதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். அதில் 3 அங்குல பேடை மாட்டினால் விளிம்பு மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். இரும்பு அறுக்கப் பிறந்த மெஷின் அது. தவிர, பாலிஷ் மெஷின் தட்டுகளின் மரை பெரும்பாலும் எம்14, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 4 அங்குல கிரைண்டரின் மரை எம்10. நடுவில் ஒட்டு மரை வைத்துப் பொருத்தினால் தட்டு ஆடும், ஆடும் தட்டு பெயின்டில் வளையம் வளையமாகத் தடம் போடும். கடன் மனுவில் கிரைண்டர் என்று எழுதியிருந்தால், அதை வெல்டிங் பட்டறைக்கு என்றே எடுத்துக்கொள்வோம்.

அப்படியானால் எதை வாங்குவது? வேகம் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பாலிஷ் மெஷின் ஏற்கெனவே இருந்தால், அதற்கு 3 அங்குல, 2 அங்குலத் தட்டுகளும் ஒரு நீட்டுத் தண்டும் போதும். தண்டு மெஷினின் உடம்பைக் காரிலிருந்து தள்ளிப் பிடிக்கும். மெஷின் இல்லாதவர்கள், விசையால் வேகம் கட்டுப்படும் ட்ரில்லில், தண்டு வைத்த சிறு தட்டை மாட்டித் தொடங்கலாம். ஆனால் ட்ரில் முன்பாரம், மணிக்கட்டு சீக்கிரம் களைக்கும், களைத்தால் பேட் சாயும். இத்தாலியின் ரூப்ஸ், ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் போன்ற நிறுவனங்கள் பேனா போல நீண்ட சிறு மெஷின்கள் செய்கின்றன. ஒரே மெஷினில் நேராகச் சுற்றும் தலையும், 3 மி.மீ., 12 மி.மீ. அளவில் தள்ளாடிச் சுற்றும் தலைகளும் மாற்றிக்கொள்ளலாம். தள்ளாடிச் சுற்றுவது சூட்டைக் குறைக்கும், புதியவர் கைக்குப் பாதுகாப்பு. மிக நல்ல கருவிகள்தான். ஆனால் விலை பல்லாயிரம். மாதத்துக்கு நாலு கார் வரும் ஷெட்டுக்கு அதைக் கடனில் வாங்குவது வேண்டாத சுமை.

தட்டைவிட பேட் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். தட்டின் கெட்டியான விளிம்பு வெளியே தெரிந்தால் அதுவே கீறும். ஃபோமில் கெட்டியானது, நடுத்தரம், மிருதுவானது என மூன்று வகை, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. கம்பளி பேட் கடுமையாக வெட்டும் என்பதால் ஒடுக்கமான இடத்தில் தொடக்கத்திலேயே வேண்டாம். கூம்பு வடிவ ஃபோம், அலாய் சக்கரத்தின் துளைகளுக்கு மட்டும். பேடின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள், நிறத்தின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்னைக்குப் போகிறவர்கள் ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி, அமுக்கிப் பார்த்து வாங்கலாம்.

ஒரு செய்தியை வியாபாரிகள் சொல்ல மாட்டார்கள். கைப்பிடிக் குழியில் பாதிக்கு மேல் மெஷினே தேவைப்படாது. மைக்ரோஃபைபர் துணியை இரு விரலில் சுற்றி, ஒரு பட்டாணி அளவு பாலிஷ் எடுத்துக் குழியின் வளைவோடு தேய்த்தாலே லேசான நகக்கீறல்கள் மறையும். மறையாததற்கு மட்டும் 2 அங்குல மிருதுவான பேடை எடுங்கள். நகம் சிக்கும் ஆழக்கீறலைத் துரத்தாதீர்கள், அது கிளியர் கோட்டைத் தாண்டியிருக்கும்.

மெஷின் வைப்பதானால் முதலில் நன்றாகக் கழுவி, குழியில் தூசி இல்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடி, ரப்பர், பெயின்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக், மடிப்பு விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைத் திட்டு எளிதில் போகாது. வண்டி நிழலில், தகடு குளிர்ந்து இருக்க வேண்டும். பேடைப் பெயின்டில் வைத்த பிறகே விசையை அழுத்துங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் முகத்தில் தெறிக்கும். ஐந்தாறு விநாடி ஓட்டி நிறுத்தி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் போனால் ஆறவிடுங்கள். பம்பரும் கண்ணாடி மூடியும் பிளாஸ்டிக். இரும்புத் தகடு போல அது சூட்டைக் கடத்திப் பரப்பாது, அதனால் அங்கே பாதி நேரம்தான். காந்தத்தால் பெயின்ட் பருமன் அளக்கும் கருவியும் பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது.

மங்கிய முகப்பு விளக்குக்கும் 3 அங்குல பேட்தான் ஏற்றது. மஞ்சள் படிந்த விளக்கோடு இரவில் ஓட்டுவது உயிர் விஷயம் என்பதால், பாலிஷ் வேலையிலேயே அதிகப் பயனுள்ளது இது என்போம். 1000, 2000, 3000 என வாட்டர் பேப்பரைப் படிப்படியாக ஈரத்தோடு தேய்த்துப் பிறகு பேட் போட்டால் தெளியும். ஆனால் விளக்கின் மேலிருந்த வெயில் காப்புப் பூச்சையும் நாம் எடுத்துவிடுகிறோம். மறுபடி அந்தப் பூச்சைப் பூசாமல் அனுப்பினால் சில மாதங்களிலேயே மஞ்சள் திரும்பும். பூச்சுக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள்.

கூலி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கார் விற்பவர்கள் சிலர், கீறலை மறைத்துக் கொடுக்கும்படி கேட்பார்கள். எண்ணெயும் மெழுகும் கலந்த சில பாலிஷ்கள் கீறலை நீக்காமல் நிரப்பி மட்டும் வைக்கும். சில முறை கழுவினால் எல்லாம் வெளியே வந்துவிடும். மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியைக் கேட்ட செய்தி, நம் பிள்ளைகள் மதரஸாவில் படித்ததுதான். பட்டி பார்த்து மறுபெயின்ட் அடித்த கதவு என்று தெரிந்தால் வாங்குபவரிடம் மறைக்க நாம் துணைபோகக் கூடாது. அதேபோல, நம்மிடம் நிறுத்திய வண்டி அமானிதம். டாக்ஸி ஓட்டும் ஒருவருக்கு அந்த ஒரு காரில்தான் குடும்பமே ஓடுகிறது. அதில் கருகிய கதவை மறுபடி பெயின்ட் அடிக்க, நாலைந்து காரின் பாலிஷ் கூலி போய்விடும். எனவே வேலைக்கு முன் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து பார்த்து, கைபேசியில் படம் எடுத்து, எது போகும் எது போகாது என்று சொல்லிவிடுங்கள்.

ஜுப்பாவின் தொங்கும் கையோடும், தோளில் துண்டோடும் மெஷினைத் தொடாதீர்கள். சுற்றும் தண்டு நூலைப் பிடித்தால் கையையும் இழுக்கும். கண்ணாடி அணியுங்கள், பேட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

வேலை முடிந்ததும் பேடை அன்றே சோப்புத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, ஃபோம் கீழே பார்க்க நிழலில் காயவையுங்கள். வெல்க்ரோ பக்கம் தண்ணீர் தங்கினால் பசை விட்டுவிடும். கெட்டி பேடையும் மிருது பேடையும் ஒரே டப்பாவில் போட வேண்டாம்.