இரு பிம்பம், ஒரே வெளிச்சம்

பன்னிரண்டாம் வகுப்பில் மாலஸ் விதியை நான் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்திலிருந்துதான் தொடங்குவேன். 1984-இல் வந்த, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. திரையில் இரு பிம்பங்கள் விழும். எந்தக் கண்ணுக்கு எது என்பதைப் போலராய்டு கண்ணாடி பிரித்துத் தரும். இரண்டில் ஒன்று மங்கினால் கண் சோரும், நகரும் பொருளின் ஆழமும் பிசகும்.

பிரகாசமான பிம்பத்தைக் குறைக்க, அந்த லென்சின் முன்னுள்ள போலராய்டைத் திருப்பலாமே என்பார்கள் மாணவர்கள். கூடாது. தளம் மாறி, பிம்பம் மறு கண்ணுக்கும் கசியும். அதற்குப் பின்னே, விளக்கின் பக்கம், இன்னொரு போலராய்டை வைத்து அதை மட்டும் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையே 45° என்றால் வெளிச்சம் பாதி. 60° என்றால் கால் பங்கு.

வகுப்பறையில் சமமற்ற இரு டார்ச் விளக்குகளும் மூன்று போலராய்டுத் துண்டுகளும் போதும். சுவரில் இரு வட்டங்களையும் அருகருகே விழச் செய்து, வெளிச்சம் ஒத்துவரும் கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். (முப்பரிமாணப் படத்துக்கு இந்தச் சுவர் உதவாது. வெள்ளைச் சுண்ணாம்பு தளவிளைவைக் கலைத்துவிடும். வெள்ளிப்பூச்சுத் திரை வேண்டும்.)

மீந்த துண்டுடன் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஜேடர்பாளையம் தடுப்பணைக்குப் போய்விடுவார்கள். திருப்பத் திருப்ப, காவிரி நீரின் கூச்சம் அடங்கும். 1808-இல் மாலஸ் கவனித்ததும் எதிரொளித்த வெயிலைத்தான். பாரிஸில், ஓர் அரண்மனைச் சன்னல் கண்ணாடியில்.