மண்ணுள் மறைந்த குழாயும் அதன் மேலுறையும்

எண்ணெயும் எரிவாயுவும், பல நகரங்களில் குடிநீரும், நம் கண்ணுக்குப் புலப்படாத வழியே வருகின்றன. நிலத்தின்கீழ்ப் புதைந்துள்ள எஃகுக் குழாய்களே அவ்வழி. நிலத்தின்மேற் கிடக்கும் இரும்பு துருவேறின் எவரும் காண்பர். புதைந்த குழாய் துருவேறின், அது பிளந்த பின்னரே பலர் அறிவர். ஆதலின், அதனைக் காக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

துரு உண்டாகும் விதத்தை முதலில் நோக்குவோம். இரும்பு துருவேறுதற்கு நீரும் பிராணவாயுவும் வேண்டும். ஈரமண்ணிற் கரைந்துள்ள உப்புக்கள் மின்சாரம் செல்லுதற்கு வழிசெய்கின்றன. பிராணவாயுவோ குழாயின் மேற்புறத்திற்கு மிகுதியாகவும், இறுகிய மண்ணிற் படிந்த அடிப்புறத்திற்குக் குறைவாகவும் எட்டுகிறது. இவ்வேறுபாட்டினால் குழாயே ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. பிராணவாயு குறைந்த இடத்தில் இரும்பு சிறிது சிறிதாய்க் கரைகிறது.

மண்ணின் ஈரம் எஃகைத் தீண்டாதவாறு தடுப்பின் இக்கேடு நிகழாது. இதன்பொருட்டே குழாயின்மேல் நாடா சுற்றுகின்றனர். பெட்ரோலாட்டம் என்னும் மெழுகுப்பொருள் ஊறிய துணிநாடாவும், பசை பூசிய பாலிதீன் நாடாவும் இவற்றுட் சில. சுற்றுமுன் துரு, எண்ணெய்ப் பசை, புழுதி ஆகியவற்றை அறவே நீக்கல் வேண்டும். பாலிதீன் நாடாவாயின், அதற்குரிய அடிப்பூச்சைப் பூசி, முன்சுற்றின்மேல் அடுத்த சுற்று படியுமாறு ஒரே இழுவிசையுடன் சுற்றுவர். பின்னர் மின்பொறிச் சோதனையால் ஊசித்துளை உளதாவென ஆராய்ந்து, கல் இல்லாத நுண்மண்ணால் மூடுவர்.

எனினும், குறையற்ற உறை அரிது. ஆதலின் மற்றொரு காவலும் வேண்டியதாயிற்று. 1824-ம் ஆண்டில் ஸர் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைப்பின், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். 1928-ம் ஆண்டில் ராபர்ட் கூன் என்பவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், எரிவாயுக் குழாய்க்கு மின்சாரம் செலுத்தி அதனைக் காத்தார். உறையில் துளை உள்ள இடத்தை இம்மின்சாரம் சென்று காக்கும். ஆகவே உறையும் மின்சாரமும் ஒன்றற்கொன்று துணையாவன.

ஆனால் அத்துணையையே உறை தடுத்துவிடுதலும் உண்டு. பற்றுவைப்பு மேடு உள்ள இடத்தில் நாடா எஃகில் ஒட்டாது கூடாரம்போல் நிற்கும்; களிமண் நனைந்து விரிந்தும் காய்ந்து சுருங்கியும் நாடாவை இழுத்துச் சுருக்கும். அவ்விடைவெளியில் நீர் புகும். மின்சாரமோ, பாலிதீன் தடுத்தலால், உள்ளே செல்லமாட்டாது. வெளியே உறை முழுமையாய்த் தோன்ற, உள்ளே எஃகு அழிகிறது.

இதனை ஒத்த கேடொன்று 2015-ம் ஆண்டு மே மாதம் 19-ம் தேதி கலிபோர்னியாவில் ரெபூஜியோ கடற்கரையருகே நிகழ்ந்தது. வெப்பங்காக்கும் நுரைப்பொருளும் அதன்மேல் நாடாவும் போர்த்த 24 அங்குல எண்ணெய்க் குழாய் ஒன்று பிளந்தது. எண்ணெய் பசிபிக் கடலிற் கலந்தது. போர்வையினுட் புகுந்த ஈரம் துருவை வளர்த்ததென்றும், காப்பு மின்சாரம் அங்கே பயன்படவில்லை என்றும் அரசாங்கத்தார் ஆராய்ந்து கண்டனர். அச்சிறு இடத்தில் எஃகின் கனத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கரைந்திருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் குழாயினுட் செலுத்திய சோதனைக் கருவியோ, பாதிக்கும் குறைவான தேய்வையே காட்டியிருந்தது.

இதனால் நாம் அறிவது யாது? நாடாவின் பயன் மூடுதலில் இல்லை, ஒட்டுதலில் உளது. ஒட்டாத உறை, உறையின்மையினும் தீது. அது புண்ணையும் மறைக்கும், மருந்தையும் தடுக்கும். நாடா சுற்றுமுன் எஃகைத் துடைக்கும் தொழிலாளியின் கையிலேயே, அவன் ஒருகாலும் காணாத பலருடைய நலம் அடங்கியுள்ளது. மண் மூடியபின் அவன் வேலையைக் காண்பார் இலர். பொறியியற் கல்வியை நாடும் நம் மாணாக்கர் இதனை நினைவிற் கொள்வாராக.