விளக்கை ஏற்றும் முன்

கண்ணு, வெண்புள்ளிக்கு இனி வீட்டிலேயே லைட் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கையடக்க விளக்கும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். நல்லது. அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில், லைட் அறையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விளக்கை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் பெட்டியில் வந்த புத்தகத்தில் இருக்கும். அதன் முன்னால் போய் நிற்கிற தோலைப் பற்றி அந்தப் புத்தகம் அவ்வளவாகப் பேசாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

1. உன் கையில் இருப்பது என்ன விளக்கு என்று முதலில் தெரிந்துகொள். அழகுக்கென்று முகமூடி மாதிரி மாட்டிக்கொள்ளும் சிவப்பு, நீல விளக்குகள் இப்போது எங்கும் விற்கின்றன. அவை வேறு ஜாதி. உன்னுடையது புற ஊதா விளக்கு. யூவி-பி கதிரில் 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் தருவது. ஒளியால் தோல் நோயைக் குணமாக்கியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். ஆனால் இந்த 311 குழாய், ஃபிலிப்ஸ் செய்த டிஎல்-01, வந்தது 1980-களில்தான். அதன் வெளிச்சம் மங்கலாக, ஊதா நிறத்தில் இருக்கும். சூடு அவ்வளவாகத் தெரியாது. அதுதான் ஆபத்து. ‘ஒன்றுமே தெரியவில்லையே சிஸ்டர், இன்னும் கொஞ்சம் வையுங்கள்’ என்று கேட்காதவர்கள் குறைவு. சிவப்பு உடனே வராது. சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, மறுநாளுக்குள் உச்சத்துக்குப் போகும். உடனே கோபப்படாதவரிடம்தான் நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

2. போன முறை எந்தத் தோலோடு நின்றாயோ அதே தோலோடு இந்த முறையும் நில். நான் சொல்ல வருவதெல்லாம் இதற்குள் அடக்கம். டாக்டர் எழுதிக் கொடுத்த விநாடிக் கணக்கு உன் பெயருக்கு எழுதியதாகத் தோன்றும். உண்மையில் அது உன் தோலுக்கு, அது அன்றைக்கு இருந்த நிலைக்கு எழுதியது. வெண்புள்ளிக்குப் பெரும்பாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிஜூலில் தொடங்குவார்கள். தோல் தாங்கினால் ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவார்கள். ஒரு நாள் தோலின் மேல் ஏதோ ஒரு பூச்சு இருந்து பாதிக் கதிரைத் தடுத்துவிடுகிறது என்று வை. சிவக்கவில்லையே என்று நீ நேரத்தை ஏற்றுவாய். அடுத்த முறை பூச்சில்லாமல் நின்றால், ஏற்றின அத்தனையும் வெறும் தோலில் இறங்கும். வீட்டில் லைட் வைக்கும்போது தீக்காயம் வர இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம். அதனால் நாளையும் நேரத்தையும் குறித்துவை. குளித்துவிட்டு வருவதானால் எப்போதும் குளித்துவிட்டு வா. ஈரம் போகத் துடைத்துக்கொள். விளக்கோடு வந்த இடைவெளிச் சீப்பைக் கழற்றாதே. தூரம் குறைந்தால் கணக்கு மாறிவிடும்.

3. பவுடர், விபூதி, குங்குமம், சந்தனம், மஞ்சள் எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் சங்கடப்படும். நெற்றியில் வெண்புள்ளி வந்த ஒரு பெரியவர் காலை பூஜை முடித்து, பட்டை பட்டையாக விபூதியோடு நேராக லைட் அறைக்கு வருவார். கழுவச் சொன்னால் கழுவ மாட்டார். நான் வாதாடவில்லை. ‘ஐயா, லைட்டை முதலில் முடித்துவிட்டுப் பூஜைக்கு உட்காருங்கள்’ என்று நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார். உன் வீட்டிலும் அப்படி ஒரு வழி இருக்கும். முகத்துக்கு கிரீம், சன் ஸ்கிரீன் போடுகிறவளானால் லைட்டுக்குப் பிறகு போடு. சென்ட்டும் அப்படித்தான். புள்ளியை மறைக்கப் பூசும் நிறக் களிம்பு இருக்கிறதே, அதை ஒட்டுக்கூட இல்லாமல் எடுத்துவிடு. வெளியே போகும்போது உனக்கு அது தேவைப்படலாம், அதில் தவறில்லை. விளக்குக்கு முன்னால் மட்டும் மறைக்காதே.

4. சுத்தம் என்றால் தேய்த்துக் களைவது இல்லை. பீர்க்கங்காய் நார், கரகரப்பான நலங்குமாவு, எலுமிச்சைத் தோல், இவற்றால் ‘செத்த தோலை எடுத்துவிட்டால் லைட் நன்றாகப் பிடிக்கும்’ என்று யாராவது சொல்லுவார்கள். வெண்புள்ளியிலும் சொரியாசிஸிலும் ஒரு விசித்திரம் உண்டு: காயம் பட்ட இடத்தில் நோய் புதிதாக எழும். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது. இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். சிராய்ப்பு, அரிப்பில் சொறிவது, இறுக்கம், எல்லாம் இதில் சேரும். இடுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்ட மாதிரி வெண்புள்ளி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதன் அடையாளம் அது. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள். குளிக்கும்போது வெறும் கையால் சோப்பு போடு. மெழுகு வைத்து முடி எடுக்கிற வேலையை அந்த இடத்தில் விட்டுவிடு. தோலிடம் மென்மையாக இருக்கத் தெரியாதவர்களுக்கு எந்த விளக்கும் முழுதாக உதவாது, கண்ணு.

5. உனக்கு இல்லாவிட்டாலும் உன் அத்தைக்கு சொரியாசிஸ் என்பதால் இதையும் சொல்கிறேன். செதில் தடித்திருந்தால் அது ஒளியைத் திருப்பி அடித்துவிடும். லைட்டுக்குச் சற்று முன்னால் அந்தத் திட்டின் மேல் மினரல் ஆயிலை மெல்லிசாகத் தடவினால், எண்ணெய் பட்ட காகிதம் வெளிச்சத்தை உள்ளே விடுகிற மாதிரி, செதிலும் விட்டுக்கொடுக்கும். மெல்லிசு என்பது முக்கியம். வாஸலினைக் கெட்டியாக அப்பினால் அதுவே தடுப்பாகிவிடும். செதிலைக் கரைக்கிற சாலிசிலிக் அமிலக் களிம்பு யூவி-பியை உறிஞ்சிக்கொள்ளும். அதை லைட்டுக்கு முன் போடக் கூடாது. கால்சிபோட்ரியால் களிம்பையும் லைட் முடிந்த பிறகே போடச் சொல். 2009-ல் நெதர்லாந்தில் 196 சொரியாசிஸ் நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் வைத்துக்கொண்டவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. வீடு என்பதால் குறைவு என்று அத்தை நினைக்க வேண்டாம்.

6. சாப்பிடுகிற மருந்து ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல். பருவுக்கோ காய்ச்சலுக்கோ கொடுக்கிற டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகள், இவை தோலை ஒளிக்குக் கூச வைக்கக்கூடியவை. இங்கிலீஷ் மருந்தைச் சொல்லிவிட்டு நாட்டு மருந்தை மறைக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். திட்டுவார்களோ என்ற பயம். கார்போகரிசி என்று ஒன்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயிலில் உட்காருவது நம் நாட்டின் பழைய வழக்கம். அது மூட நம்பிக்கை இல்லை. அதில் சோராலென் என்ற பொருள் உண்மையாகவே இருக்கிறது. நைல் நதிக்கரைச் செடி ஒன்றிலிருந்து அதே இனப் பொருளை எடுத்து, கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் 1940-களில் வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். நவீன மருத்துவத்தின் ஒளி சிகிச்சை ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் அரைத்துப் பூசும்போது எவ்வளவு சோராலென் தோலில் ஏறுகிறது என்பதற்குக் கணக்கே கிடையாது. காலையில் அதைப் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு வெயிலில் நின்ற ஒரு பையன் புறங்கை முழுவதும் நீர்க்கொப்புளத்தோடு வந்ததை இன்னும் மறக்கவில்லை. இரண்டு மருத்துவத்தையும் மதி. இரண்டையும் ஒரே தோலில் மோதவிடாதே.

7. எதை மூடினாயோ அதை எப்போதும் மூடு. எங்கள் அறையில் ஆள் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்கிற பெட்டி ஒன்று இருந்தது. பல வாரங்களாக வந்து, அளவு நன்றாக ஏறியிருந்த ஒருவர், பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு மறுநாளே வந்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், யாரும் கவனிக்கவில்லை. உடம்புக்குப் பழகிய அளவு, அதுவரை ஒளியே காணாத உச்சந்தலைக்குப் புதிது. மறுநாள் தலையில் கை வைக்க முடியாமல் வந்தார். கைக்கடிகாரம், வளையல், சங்கிலி, உள்ளாடையின் விளிம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கையடக்க விளக்கில் புள்ளிக்கு மட்டும் வைப்பதால் உனக்கு வசதி அதிகம். சுற்றியுள்ள நல்ல தோலைத் துணியால் மூடிக்கொள். பெரிய விளக்கின் முன் நிற்கிற ஆண்கள், டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, மறைவிடத்தை மூடியே ஆக வேண்டும்.

8. கண்ணாடி போடாமல் பொத்தானைத் தொடாதே. கூடத் தந்த கண்ணாடிதான்; கூலிங் கிளாஸ் ஆகாது. அறையில் குழந்தை இருந்தால் வெளியே அனுப்பு, உதவிக்கு நிற்பவருக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். வெல்டிங் வைப்பவர்களுக்கு ராத்திரியில் வருமே, கண்ணில் மணலைப் போட்ட மாதிரி, அது இதிலும் வரும்.

9. ஒரு நோட்டு போடு. தேதி, இடம், எத்தனை விநாடி, மறுநாள் நிறம் எப்படி, அவ்வளவுதான். இளஞ்சிவப்பாகி ஒரு நாளுக்குள் மறைந்தால் அது நல்ல அளவு. அதற்கு மேல் நின்றால் ஏற்றாதே. வலித்தால், கொப்புளம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணு. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். அடுத்தடுத்த நாள் வேண்டாம். ஊர்த் திருவிழா, பரீட்சை என்று விட்டுப்போனால் விட்டுப்போனதாகவே எழுது. ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பழைய அளவுக்குத் திரும்பாமல் குறைக்க வேண்டும்; மூன்று வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஆரம்ப அளவுக்கே போக வேண்டியிருக்கும். எவ்வளவு குறைப்பது என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவை. எங்களிடம் வந்தவர்களில் பலர் ‘தவறாமல் வந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். வெட்கம்தான் காரணம். நர்சிடம் பொய் சொன்னால் நர்சுக்கு ஒன்றும் ஆகாது, தோல்தான் சிவக்கும்.

10. மனசையும் தயார் பண்ணிக்கொண்டு வா. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ படிக்காமல் தாண்டிவிடுவாய் என்று பத்தாவதாக வைத்தேன். முதல் வாரங்களில் சுற்றியுள்ள தோல் கறுக்கும், புள்ளி முன்பைவிட வெளுப்பாகத் தெரியும். நோய் அதிகமாகிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. முகமும் கழுத்தும் சீக்கிரம் பதில் சொல்லும். விரல் நுனியும் பாதமும் பிடிவாதம் பிடிக்கும். இங்கிலாந்தில் 517 பேரிடம் இந்த மாதிரிக் கையடக்க விளக்கைச் சோதித்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். ஒன்பது மாதத்தில் புள்ளி கண்ணுக்கு நன்றாக அடங்கியது ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களில் 100-க்கு 17 பேருக்கு, விளக்கு மட்டும் வைத்தவர்களில் 22 பேருக்கு, இரண்டும் சேர்த்தவர்களில் 27 பேருக்கு. குறைவுதான். ஒழுங்காகத் தொடர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆறு மாதமாவது பார்க்காமல் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதாதே.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மறைந்தாக வேண்டும் என்று, மகளுக்கு வீட்டில் அளவை இரட்டிப்பாக்கி வைத்த ஒரு தாயைத் தெரியும். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. தெருவே அவரை விரட்டியது. ஆனால் நெற்றியில் கொப்புளத்தோடு பந்தலில் நின்றது அந்தப் பெண். உன்னை யாராவது தேதி வைத்து விரட்டினால், அந்தத் தேதியை என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

11. விளக்கை இரவல் கொடுக்காதே. கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை முகத்தில் வெளிறின திட்டு, ‘உன் லைட்டை ஒரு தரம் காட்டேன்’ என்று அவன் அம்மா வந்து நிற்பாள். மறுக்க உனக்கு மனசு வராது என்று தெரியும். அது வெறும் தேமலாக இருக்கலாம். தொட்டால் உணர்ச்சி இல்லாத திட்டானால் தொழுநோயாகவும் இருக்கலாம்; அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் முழுதாகக் குணமாகும். வெயில் ஆகாத லூபஸ் மாதிரி நோய் உள்ளவர்களுக்கு உன் விளக்கு கெடுதலே செய்யும். அதனால் அவளை உட்காரவைத்து காபி கொடு, தோல் பிரிவு ஓ.பி.க்குப் போகச் சொல். சீட்டு போடுகிற இடத்தில் கூட்டமாக இருக்கும், காலையில் நேரத்தோடு போகச் சொல்.