உப்புக் குவியலும் கணக்காளர் கையெழுத்தும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கும் உப்பளங்களையும், வரப்புகளில் குவித்திருக்கும் உப்பையும் காணலாம். அக்குவியலைக் கண்டதும் நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்கள், "இதன் எடை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்போம். வணிகவியல் மாணவரோ, "இதில் ஒரு டன் விளைவிக்க என்ன செலவாயிற்று?" என்று கேட்பார். இரண்டாவது வினாவும் முதல் வினாவைப் போலவே துல்லியமான விடையை வேண்டுவதுதான்.

அப்பகுதி மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு கல்லூரி விளம்பரத்துடன் என்னிடம் வந்தாள். 'பி.காம். பட்டத்துடன் இணைந்த சி.ஏ. படிப்பு' என்று அதில் அச்சிட்டிருந்தது. "சார், மூன்று ஆண்டு படித்து முடித்தால் நான் ஆடிட்டர் ஆகிவிடுவேனா?" என்று கேட்டாள். அவள் தந்தை உப்பளத் தொழிலாளி. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இராது. வெயில் காலத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டுதான் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே அவள் வினாவுக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

கணக்காளர் என்ன செய்கிறார்?

கணக்குக்காக ஓர் உப்பளத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குத்தகை, வரப்புச் சீரமைப்பு, பம்பு ஆகியவற்றுக்கு ஒரு பருவத்திற்கு 90,000 ரூபாய் செலவு. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் இச்செலவு மாறாது. வாருகூலி, மூட்டை முதலியவற்றுக்கு டன்னுக்கு 600 ரூபாய். விற்பனை விலை டன்னுக்கு 1,500 ரூபாய். எனவே ஒவ்வொரு டன்னும் மாறாச் செலவை ஈடுகட்ட 900 ரூபாய் தருகிறது. 90,000-ஐ 900-ஆல் வகுத்தால் 100. அதாவது 100 டன் விளைந்தால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கோடை மழை பெய்து விளைச்சல் 80 டன்னாகக் குறைந்தால் 18,000 ரூபாய் நட்டம். இத்தகைய அடக்கவிலைக் கணக்கே அடக்கவிலைக் கணக்காளரின் துறை. ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகள் உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று தணிக்கை செய்து கையெழுத்திடுவது பட்டயக் கணக்காளரின் பணி.

பட்டம் வேறு, தகுதி வேறு

பி.காம். பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். சி.ஏ. தகுதி வழங்குவது, 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். அடக்கவிலைக் கணக்காளர்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறொரு நிறுவனம் உண்டு. 'இணைந்த படிப்பு' என்றால், கல்லூரி தன் பாடங்களோடு இந்நிறுவனத் தேர்வுகளுக்கும் பயிற்சி தருகிறது என்பதே பொருள். தேர்வை நடத்துவதும் தேர்ச்சி அளிப்பதும் நிறுவனமே.

தேர்ச்சிக்கும் அப்பால் ஒரு படி உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அம்மையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். அக்காலத்தில் இருந்த அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் 1933-இல் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள அன்றைய ஆட்சியின் விதி இடம் தரவில்லை. அவர் வழக்காடி வென்று, 1937-இல் தொழிலைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்று போற்றப்படுபவர் அவரே. தேர்வில் வென்ற பின்னும் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை அவரால் தொழில் நடத்த இயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படிகள் எவை?

உப்பளத்தில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறும்போது செறிவு ஏறுகிறது. முதலில் சுண்ணாம்புச் சேர்மமும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. நீரின் பருமன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே சாதாரண உப்பு படிகமாகத் தொடங்குகிறது. இடையில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. சி.ஏ.யும் அப்படித்தான். அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என்பவை அதன் மூன்று படிகள். அடிப்படைத் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டப்படி, இடைநிலையின் இரு பிரிவுகளிலும் தேறியவர் ஒரு பட்டயக் கணக்காளரிடம் 2 ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களும் அடிப்படைத் தேர்வு எழுதலாம். அவசரப்பட வேண்டியதும் இல்லை. வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு, பிற பட்டங்களில் 60 விழுக்காடு பெற்றவர்கள் அடிப்படைத் தேர்வு எழுதாமலே இடைநிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டிஷ் தகுதியையும் சில கல்லூரிகள் இணைத்துத் தருகின்றன. அதில் தகுந்த பட்டம் பெற்றவர்களுக்குச் சில தாள்களில் விலக்கு உண்டு. பன்னாட்டு நிறுவனங்களில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தியக் கம்பெனியின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது?
2. நிறுவனத்தின் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் கல்லூரிக் கட்டணத்தில் அடங்குமா, அல்லது தனியா?
3. சென்ற ஆண்டுகளில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் எந்தப் படிவரை தேறினர்?
4. தொழில் தேர்வில் தவறினால் பட்டப்படிப்பு தடையின்றித் தொடருமா?

இவற்றுக்கு எழுத்தில் விடை கேளுங்கள். தயங்கும் கல்லூரியை நீங்களும் தயங்கியே அணுகுங்கள்.

அம்மாணவிக்கு நான் சொன்னது இதுதான்: "ஆகிவிட மாட்டாய் அம்மா, ஆனால் ஆவதற்கு வழி உண்டு. சி.ஏ. கைகூடத் தாமதமானாலும் தனித்து நிற்கக்கூடிய நல்ல பட்டப்படிப்பைத் தேர்ந்தெடு. வீட்டுக்குப் போனதும் அப்பாவோடு உட்கார்ந்து, மூன்றாண்டுக்கு அல்ல, ஆறாண்டுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்."

நண்பர்களே, நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். மேலே கூறிய உப்பளத்தில் விலை 1,200 ரூபாயாக இறங்கினால், நட்டமின்றித் தப்ப எத்தனை டன் விளைய வேண்டும்? விடையைக் கண்டதும் உங்களுக்கு ஆவல் பிறந்தால், இத்துறை உங்களுக்கு ஏற்றதாக இருக்கலாம்.