லினக்ஸுக்கு மாறும் கடைகளில் படவேலை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. ஓடுகிற கணிப்பொறியைத் தள்ளிவிட மனமின்றி நம்மில் சிலர் லினக்ஸுக்கு மாறுகிறோம். கணக்குப் பிரச்சினை தனி. பண்டிகைத் தள்ளுபடி நோட்டீசு, மசாலாப் பொட்டல லேபிள் இவற்றையெல்லாம் திருத்தி வந்த போட்டோஷாப், லினக்ஸில் நேரடியாக ஓடாது.

நாம் முதலில் பார்க்க வேண்டிய மாற்று கிம்ப். 1990களில் அமெரிக்க மாணவர் இருவர் தொடங்கியது. விலையும் இல்லை, சந்தாவும் இல்லை. படத்தை வெட்டவும் பின்னணியை நீக்கவும் தாராளமாகப் போதும். பட்டன்கள் இடம் மாறியிருப்பதால் முதல் வாரம் எரிச்சல் வரத்தான் செய்யும்.

கவனிக்க வேண்டியது பழைய கோப்புகளை. பி.எஸ்.டி. கோப்பைக் கிம்ப் திறக்கும். ஆனால் எழுத்துகள் பெரும்பாலும் வெறும் படமாகவே வரும். எண்பது ரூபாயை எண்பத்தைந்தாக்க வேண்டுமானால் அழித்துப் புதிதாக எழுத வேண்டும். ஆகவே மாறுமுன் ஒவ்வொரு லேபிளின் வாசகத்தையும் தனியே நகலெடுத்து, எந்த எழுத்துரு என்று குறித்து, எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சகத்தார் நான்கு வண்ணக் கோப்புக் கேட்பார்கள். கிம்ப் உள்ளுக்குள் மூன்று வண்ண முறையிலேயே வேலை செய்கிறது. மிளகாய்த்தூள் பொட்டலத்தின் சிவப்பு மங்கிப் போனால் நஷ்டம் நமக்கே; மாதிரி ஒன்று அச்சிட்டுப் பார்த்த பிறகே ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கலாம்.

கிம்ப் விண்டோஸிலும் ஓடும். இப்போதுள்ள கணிப்பொறியிலேயே அதை நிறுவி, ஒரு மாதம் பழகிய பின் மாறுவது நல்லது.